நூற்றுப் பன்னிரண்டு இடங்கள்

ஷாகிரா டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், ஆறு டைப்ரைட்டர்களை வைத்துக்கொண்டு இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். லோயர், ஹையர் பரீட்சைக்குப் பழக வந்த பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிட்டார்கள்; அதைக் கேட்டுக் கேட்டு மீன் விற்கிற பாப்பாத்தி வரைக்கும் ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. மாடிப்படிக்குக் கீழே இருந்த பைண்டிங் கடை என்னுடையது. என் பெயர் சுப்ராயன். வானூர் தாலுகா ஆபீஸ் ரிஜிஸ்டர், பள்ளிக்கூட நூலகப் புத்தகம், பள்ளிவாசல் குர்ஆன் எல்லாம் என் கையில்தான் அட்டை போட்டுக்கொள்ளும். கதை அவருடையதுதான். ஆனாலும் நடுநடுவே நான் மூக்கை நுழைப்பேன். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை நடந்த எண்பத்தெட்டில் டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இப்ராஹீம் அரபு நாட்டில், தம்மாமில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, ஊரெல்லாம் சென்ட் மணக்க ஒன்றரை மாதம் இருந்துவிட்டுப் போவார். ஒரே மகள் சனோபர் ஏழாவது படித்தாள். டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கிசுகிசு என்று பேச ஆரம்பித்தாரென்றால் மாடியில் ஆறு மெஷினும் கப்சிப் என்று நின்றுவிடும். கீழே இருக்கிற நானே பசைத் தூரிகையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவேன். எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம், நான் ஏன் நிமிர வேண்டும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

உப்பளக் காற்று மெஷினுக்கும் ஆகாது, பேப்பருக்கும் ஆகாது. வாரத்துக்கு இரண்டு முறை எண்ணெய் போடாவிட்டால் மெஷினில் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெளியே வைத்த பேப்பர் அப்பளம்போல நமுத்துவிடும். நமுத்த பேப்பரில் பேனா பட்டால் மை ஊறிப் பரவும். அதனால் டீச்சர் தன் பேப்பரை எல்லாம் தம்மாமிலிருந்து வந்த தகரப் பெட்டியில், அடியில் அடுப்புக்கரி போட்டுப் பூட்டி வைத்திருப்பார். மை வேலை என்றால் காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள்தான். வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரம். மற்ற நேரத்தில் கலெக்டரே வந்து கேட்டாலும் பேனாவைத் தொடமாட்டார்.

டைப் அடிக்கிற இடத்தில் மை வேலை எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

எண்பத்தொன்றில் ஒரு கணக்கு லெக்சரர் வந்தார். சென்னையில் ஒரு பெரிய பேராசிரியரின் கீழே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தவர். கையால் எழுதிய ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு சென்னை, பாண்டிச்சேரி என்று ஏறி இறங்கியிருக்கிறார். கணக்கு என்றதும் எல்லா டைப்பிஸ்டும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்களாம். மெஷினில் இருப்பது ஆங்கில எழுத்தும் எண்ணும்தான். ஆல்ஃபா, சிக்மா, பெரியது சிறியது குறிகளுக்கெல்லாம் எங்கே போவது? டீச்சர் அந்தக் கட்டை ஒரு வாரம் புரட்டினார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். குறி வருகிற இடத்தில் எல்லாம் அளந்து இடம் விட்டு, வார்த்தைகளை மட்டும் அடித்துவிடுவது. அப்புறம் நிப்புப் பேனாவை எடுத்து, கறுப்பு மையில் ஒவ்வொரு குறியாகக் கையால் நிரப்புவது. மூலமும் கார்பன் நகலும் சேர்த்து ஐந்து பிரதி. அந்தப் பேராசிரியருக்கு ஜெராக்ஸ் என்றாலே ஆகாது, அதனால் ஐந்திலும் தனித்தனியாக நிரப்ப வேண்டும்.

குறிகளுக்கு டீச்சர் சொந்தமாகப் பெயர் வைத்திருந்தார். ஆல்ஃபா மீன். தொகையீட்டுக் குறி தூண்டில். சிக்மா மடக்கு நாற்காலி. "இந்தப் பக்கத்துல ரெண்டு தூண்டில், மூணு மீனு பாக்கி இருக்குதுண்ணே, முடிச்சிட்டுக் குடுத்துடறேன்" என்று மாடியிலிருந்து குரல் கொடுப்பார். கீழே அட்டை வாங்க வந்தவர் என்னைப் பார்ப்பார், மாடியைப் பார்ப்பார், அட்டையை வாங்கிக்கொண்டு நகர்வார்.

அந்த முதல் லெக்சரர் நல்ல மனுஷன். என்ன அடிக்கிறோம் என்று தெரியாமல் அடிக்க முடியாது என்று டீச்சர் பிடிவாதம் பிடித்ததும், உட்கார்ந்து விளக்கினார். ஒரு வட்டமான உப்புப் பாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வரப்பு கணக்கில் சேராது, உள்ளே இருப்பது மட்டும்தான். பாத்தியில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். கிழியக் கூடாது, மடங்கக் கூடாது, இரண்டு புள்ளி ஒரே இடத்தில் விழக் கூடாது. அப்படி நகர்த்தினால் புதுப் பாத்தி என்ன உருவத்தில் வரும்? உள்பக்கம் மடங்காமல் வருமா? நடுவில் ஓர் ஆள் நின்றால் எல்லா மூலையும் நேராகத் தெரிகிற மாதிரி வருமா? எவ்வளவு தூரம் நீளும், எவ்வளவு குறுகும்? இதுதான் ஆராய்ச்சி.

"இதுக்கா டாக்டர் பட்டம்?" என்று நான் கேட்டேன். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவரைத் தொடர்ந்து அதே பேராசிரியரின் மாணவர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். ஏழு வருஷத்தில் எட்டு ஆய்வேடு. எட்டும் அந்த வட்டத்துக்கு உள்ளேயேதான் சுற்றின. எட்டிலும் அந்த வட்டத்துக்குப் பெயர் E, கொஞ்சம் வளைத்து எழுதின E. புள்ளிக்குப் பெயர் z; E-இன் அர்த்தம் z-இன் அளவு (நடுவிலிருந்து அதன் தூரம்) ஒன்றைவிடச் சிறியது, அதாவது வட்டத்தின் உள்பக்கம். ஆறாவது ஆய்வேடு வந்தபோது முதல் பக்கத்தைப் பார்க்காமலே டீச்சர் அடித்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

எட்டு பேரும் நன்றியுரையில் கடைசியாக டீச்சருக்கு ஒரு வரி எழுதினார்கள். பிழையற்ற தட்டச்சுக்காகத் திருமதி ஷாகிராவுக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் இருக்கும். தன்னைப் பற்றின அந்த வரியைத் தானே அடிக்க வேண்டிய நிலைமை அவருக்கு. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அடிப்பார். ஆனால் அந்த வரியை மட்டும் கொஞ்சம் மெதுவாக அடிப்பார். மாடியிலிருந்து வரும் சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும். வெறும் புகழ்ச்சியும் இல்லை அது. எட்டு ஆய்வேட்டில் ஒரே ஒரு குறியைக்கூடத் திருத்தச் சொல்லி யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

ஒன்பதாவதாக வந்தவர் ஜெயப்பிரகாஷ்.

அனுமந்தைக்காரர். கடலுக்குப் போகிற குடும்பம். அம்மா சாலம்மாள் கூடை மீன் விற்றுப் படிக்க வைத்தார். ஒரு கல்லூரியில் தற்காலிக லெக்சரராக இருந்தார். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்து ஐந்து வருஷம் முடிந்து, ஒரு வருஷம் நீட்டிப்பும் வாங்கி, அதுவும் முடியப் போகிற நேரம். எண்பத்தெட்டு மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் ஐந்து பிரதியையும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருஷ உழைப்புக்கு முழுக்கு. நிரந்தர வேலைக்கும் அந்தப் பட்டம் இருந்தால்தான் கூப்பிடுவார்கள்.

வார்த்தைகளை எல்லாம் டீச்சர் சித்திரையிலேயே அடித்து முடித்துவிட்டார். மை நிரப்புவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் பேராசிரியரிடமிருந்து ஜெயப்பிரகாஷுக்குக் கடிதம் வந்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் E வேறோர் அர்த்தத்தில் வருகிறது, குழப்பம் வேண்டாம், மற்ற இடங்களில் E-ஐ எடுத்துவிட்டு முழுசாக எழுதிவிடு என்று. அதே நாள் ஜெயப்பிரகாஷ் விடைத்தாள் திருத்துகிற முகாமுக்குச் சென்னை போயாக வேண்டும். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. படியில் பாதி ஏறி நின்று சொன்னார்.

"டீச்சர், அஞ்சாவது அத்தியாயத்தைத் தவிர E வர்ற எடத்துல எல்லாம் E போடாதீங்க, முழுசா எழுதிடுங்க. E இதுன்னு விளக்குன வரியை மொத பக்கத்துல பென்சில்ல அடிச்சிட்டேன். அது இனிமே வேணாம்."

"சரிங்க சார். ஒன்ன விட சின்னது, பெருசு எல்லாம் எனக்கு அத்துப்படி."

"உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்துவிட்டு ஓடிப் பஸ் ஏறினார்.

அந்த ஒரு வார்த்தைதான் வினை. ஒன்றும் தெரியாத டைப்பிஸ்டாக இருந்தால், முழுசா எழுதுன்னா என்ன எழுதறது என்று விழித்திருப்பார். பென்சிலில் அடித்த வரியை எட்டிப் பார்த்திருப்பார். டீச்சருக்குத் தெரியும். அதனால் பார்க்கவில்லை. பதினொன்றிலிருந்து மூன்று வரைக்கும், ஆறு நாள், நூற்றுப் பன்னிரண்டு இடத்தில், ஐந்து பிரதியிலும், விட்டிருந்த இடத்துக்குள் z-இன் அளவு ஒன்றைவிடச் சிறியது, |z| < 1, என்று முத்து முத்தாக எழுதி முடித்துக் கீழே கொடுத்தார். நானும் ஐந்தையும் தைத்து, கறுப்பு ரெக்சின் ஒட்டி, அழுத்தி வைத்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அட்டையில் தங்க எழுத்துப் பதிக்க அச்சுக் கோத்துக்கொண்டிருந்தேன்.

தலைப்பு நீளம். ஆங்கிலத்தில் எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். நடுவில் எக்ஸ்டீரியர் என்று ஒரு வார்த்தை. அதை நான் படித்திருக்கிறேன். கோட்டக்குப்பத்திலும் எங்கள் ஊரிலும் வெளிநாட்டுப் பணத்தில் கட்டுகிற வீட்டு வாசலில் எல்லாம் பெயிண்ட் டின் கிடக்கும். ஒரு டின்னில் இன்டீரியர், இன்னொன்றில் எக்ஸ்டீரியர். மாற்றி அடித்துவிட்டால் ஒரே மழையில் சுவர் உரிந்துவிடும்.

சாப்பாட்டுக்கு இறங்கி வந்த டீச்சரிடம் வாய் சும்மா இருக்காமல் கேட்டேன். "டீச்சர், எக்ஸ்டீரியர்னா வெளிச்சுவருக்கு அடிக்கிற பெயிண்ட்தானே? கணக்குல எங்க வந்துச்சு இது?"

"என்னண்ணே சொல்றீங்க?"

"இதோ பாருங்க. எக்ஸ்டீரியர் ஆஃப் தி யூனிட் டிஸ்க்."

டீச்சர் அச்சுக் கட்டையை வாங்கினார். அவரே அடித்த தலைப்புதான், எட்டுப் பேரின் பழக்கத்தில் அந்த வார்த்தையில் கண் நின்றிருக்கவில்லை; இப்போது தலைகீழ் எழுத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு மாடி ஏறி, ஜெயப்பிரகாஷின் கையெழுத்துப் பிரதியோடு இறங்கி வந்தார். முதல் பக்கத்தில், பென்சிலில் அடித்த வரியில், E என்றால் z-இன் அளவு ஒன்றைவிடப் *பெரியது* என்று தெளிவாக இருந்தது. ஒன்பது பேரில் ஒரே ஒரு ஆள் வட்டத்துக்கு வெளியே போய் ஆராய்ச்சி செய்திருக்கிறார். அந்த ஆள்தான் இவர்.

"யா அல்லாஹ்," என்றார் டீச்சர். குரல் கிசுகிசுவென்று வந்தது. "பூராத்தையும் உள்ள தள்ளிட்டேன்."

நான் பெரிய நியாயவான் ஒன்றும் இல்லை. சொல்கிறேன், திட்டினால் திட்டுங்கள். அப்போது என் வாயில் வந்தது இதுதான்: "டீச்சர், இதுவரைக்கும் எத்தனையோ ஆய்வேட்டுக்கு அட்டை போட்டிருக்கேன். ஒண்ணையாவது எவனாவது பிரிச்சுப் பாத்ததா சரித்திரமே இல்ல. பேசாம குடுத்துடுவோம். அவரே பாக்கமாட்டாரு."

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் பசை காய்ந்துவிட்டது. "அண்ணே, இத பரீட்சை பண்றவரு பிரிச்சுப் பாப்பாரு. வெளிய நிக்கிற கணக்க உள்ளன்னு எழுதியிருந்தா, எழுதுனவனுக்கு ஒண்ணுமே தெரியலன்னுதானே நெனைப்பாரு? டைப் அடிச்சவ தப்புன்னா நெனைப்பாரு? அந்தப் புள்ளைக்கு ஆறு வருசம். எனக்குப் பேரு போவுமேன்னு அத நான் முழுங்கணுமா?"

அச்சுக் கட்டையை ஓரமாக எடுத்து வைத்தேன்.

புதன்கிழமை காலை எட்டரைக்கு ஜெயப்பிரகாஷ் பஸ்ஸிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினார். கையில் எங்கள் இரண்டு பேருக்கும் இனிப்புப் பொட்டலம். டீச்சர் அவரை உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

"சார், E-ன்னு வர்ற எடத்துல எல்லாம் உள்ளன்னு எழுதிட்டேன். நீங்க வெளிய. நூத்திப் பன்னெண்டு எடம். அஞ்சு காப்பியிலயும். தப்பு என்னுது."

ஜெயப்பிரகாஷ் ஒரு பிரதியைப் பிரித்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், நடுவில் ஒரு பக்கம். அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபமே வரவில்லை அவருக்கு. முகத்தில் ரத்தம் இல்லை.

"ஒரு சீட்டு ஒட்டி, சின்னதுன்னு இருக்கிற எடத்துல எல்லாம் பெருசுன்னு படிச்சுக்கோங்கன்னு போட்டுட்டா?" என்று நான் கேட்டேன்.

"முடியாதுண்ணே. நெஜமாவே சின்னதுன்னு இருக்க வேண்டிய எடமும் ஏழு இருக்குது."

"அது நான் கைய வெக்காத ஏழு," என்றார் டீச்சர். "நீங்களே முழுசா எழுதியிருந்தீங்க, பாத்து அப்படியே எழுதினேன். இருபத்தி மூணாம் பக்கத்துல ஒண்ணு, நாப்பதுல ரெண்டு..." என்று ஏழையும் சொன்னார். ஜெயப்பிரகாஷ் நிமிர்ந்து பார்த்தார்.

சுரண்டிப் பார்க்கலாம் என்று ஒரு கழிவுத் தாளில் அரை பிளேடை வைத்தேன். இரண்டு சுரண்டலில் ஓட்டை விழுந்தது. ஐந்நூற்று அறுபது ஓட்டையோடு ஆய்வேடு கொடுக்க முடியாது. தையலைப் பிரித்துத் திரும்ப அடிக்கலாம் என்றால் இரண்டு நாளில் நடக்கிற காரியமா? நான் கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு, பிரிக்கச் சொன்னால் அழுதுகொண்டே பிரித்துவிடுவோம் என்று நின்றேன்.

டீச்சர் மட்டும் அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கணக்கு தெரியாது என்று அவரே சொல்வார். ஆனால் எட்டு ஆய்வேட்டையும் எழுத்து எழுத்தாகக் கையால் எழுதினவர். எந்தக் குறிக்குப் பக்கத்தில் எது வரும் என்பது விரலுக்குத் தெரியும்.

"சார், ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. ஆறாவதா வந்த சாரு அடிக்கடி எழுதுவாரே, இசட்டுக்குப் பதிலா ஒண்ணு பை இசட்டுன்னு. அப்படிப் போட்டா என்ன ஆவும்?"

"தலைகீழா ஆவும். ரெண்டு அரையா ஆவும், பத்து பத்துல ஒண்ணா ஆவும்."

"அப்ப வெளிய இருக்கிறது உள்ள வந்துடும்."

"ஆமா. உள்ள இருக்கிறது வெளிய போயிடும். வரப்புல இருக்கிறது வரப்புலயே நிக்கும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது.

டீச்சர் ஒரு தாளை எடுத்து, ஏற்கெனவே எழுதியிருந்ததைப்போலவே எழுதினார். z, அதன் இரண்டு பக்கமும் செங்குத்துக் கோடு, சிறியது குறி, ஒன்று. பிறகு z-இன் தலைக்கு மேல் ஒரு சின்னக் கோடு இழுத்து, அதற்கு மேல் ஒரு 1 போட்டார். பக்கக் கோடுகளை அந்த உயரத்துக்கு நீட்டினார். அவ்வளவுதான். |1/z| < 1. சுரண்டவும் இல்லை, அழிக்கவும் இல்லை. ஒன்றை z-ஆல் வகுத்தால் ஒன்றைவிடச் சிறியதென்றால், z ஒன்றைவிடப் பெரியது. எழுதினது எல்லாம் அப்படியே இருக்க, உள்ளே தள்ளப்பட்டது முழுக்க வெளியே வந்துவிட்டது.

"வரி நடுவுல எடம் இருக்குது," என்றார் டீச்சர். "சரியா வருமா சார்?"

"சரியா வருமாவா?" ஜெயப்பிரகாஷ் எழுந்து நின்றுவிட்டார். "டீச்சர், நூத்துக்கு நூறு சரி!"

இனிப்புப் பொட்டலத்தை நான்தான் பிரித்தேன். எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பது?

பதினொன்று அடித்ததும் மாடியில் பயிற்சி நிறுத்தப்பட்டது. ஜன்னல் பக்கம் வெயில் விழுகிற மேஜையில் டீச்சர் ஒரு பக்கம், ஜெயப்பிரகாஷ் எதிர்ப்பக்கம். நிப்பைத் தொட, கோடு இழுக்க, ஒன்று போட, ஊத, அடுத்தது. ஆளுக்கு இருநூற்றெண்பது. கீழே அட்டை கேட்டு வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, மை பட்ட பக்கத்தை விசிறுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அட்டை நான் போட்டது. நமுத்தால் எனக்குத்தானே அவமானம்.

விசிறிக்கொண்டே கேட்டேன். "தம்பி, எல்லாரும் உள்ள ஒக்காந்து ஆராய்ச்சி பண்ணாங்க. உங்களுக்கு மட்டும் என்ன வெளிய வேல?"

"எங்க ஊருல எல்லாருக்கும் கரைக்கு வெளியதானே அண்ணே வேல?" என்று சிரித்தார். "வெளிய இருக்கிறதுக்குத்தான் எல்லையே கெடையாது. அத எப்படி நகத்தினாலும் நடுவுல தீவு மாதிரி ஒரு எடம் மிச்சம் நிக்கும். அந்தத் தீவோட பரப்பளவு பூஜ்யத்துக்குக் கீழ போவாது. அவ்ளோதான் தெரியும். அத மட்டும் பிடிச்சுக்கிட்டு எவ்ளோ தூரம் போவலாம்னு பாத்தேன்."

"இதுக்கு டாக்டர் பட்டம் குடுக்கலாம்," என்றேன். டீச்சர் எழுதுகிற கையை நிறுத்தாமலே சிரித்தார். ஏழு வருஷம் கழித்து என் கருத்துக்கு ஒரு மரியாதை.

வியாழக்கிழமை இரண்டு மணி வாக்கில், நாற்பதாம் பக்கத்தில் ஜெயப்பிரகாஷின் பேனா ஒரு z-இன் தலைமேல் இறங்கப் போனது. டீச்சரின் மரஸ்கேல் குறுக்கே பாய்ந்து வந்து தாளை மறைத்தது. லோயர் பிள்ளைகளின் விரலை நிறுத்துகிற அதே ஸ்கேல்.

"சார், அது நெஜமாவே உள்ள இருக்கிறது. அந்த ஏழுல ஒண்ணு."

ஆராய்ச்சி செய்தவர் பேனாவை எடுத்துக்கொண்டார். "சாரி டீச்சர்" என்றார், பரீட்சைக்குப் பழகுகிற பையன் மாதிரி.

மூன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஐந்நூற்று அறுபதும் முடிந்தது. ஜெயப்பிரகாஷ் டீ சொல்லக் கீழே போனார். அப்போதுதான் டீச்சர் என்னிடம் அந்த அரை பிளேடைக் கேட்டார். முதல் பிரதியில் நன்றியுரைப் பக்கத்தைப் பிரித்தார். கடைசி வரியில் தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த 'பிழையற்ற' என்ற ஆங்கிலச் சொல்லை, எழுத்து எழுத்தாக, தாளுக்கு நோகாமல் சுரண்ட ஆரம்பித்தார். நான் ஓட்டை போட்ட அதே பிளேடுதான், அதே தாள்தான். டைப் எழுத்து நிப்பு மைபோல ஆழமாக ஊறுவதில்லை; அவர் கையில் ஓட்டை விழவில்லை. சுரண்டின இடத்தைக் கிளிஞ்சல் ஓட்டால் தேய்த்து வழவழப்பாக்கினார். எட்டு எழுத்து அகலத்துக்கு வெள்ளையாக ஓர் இடம். ஐந்து பிரதியிலும்.

"எதுக்கு டீச்சர் இது?" என்றேன். "தப்ப சரிபண்ணியாச்சே."

"சரிபண்ணாம இருந்தா தப்பு. சரிபண்ணதால தப்பே இல்லன்னு ஆயிடுமா?" என்றார். கண் கலங்கியிருந்தது. ஏழு வருஷம் மெதுவாக அடித்த வார்த்தை அது. நான் விசிறியை எடுத்து, ஏற்கெனவே காய்ந்துவிட்ட பக்கத்தை இன்னொரு தடவை விசிறினேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஜெயப்பிரகாஷ் போனார். நாலு மணிக்குக் கொடுத்துவிட்டதாக மறுநாள் தந்தி வந்தது.

அடுத்த வருஷம் பங்குனியில் ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்குப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஜெயப்பிரகாஷ் நேரில் வந்து கூப்பிட்டார். சாலம்மாள், டீச்சர், நான் மூன்று பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் முழுக்கக் கணக்கு படித்தவர்கள். சாலம்மாள் என் காதில், "எல்லாரும் ஏம்பா இவ்ளோ மெதுவா பேசறாங்க?" என்று கேட்டார். மீன் மார்க்கெட்டில் பேசிப் பழகியவர்.

தேர்வாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த வயதான மனிதர். ஒரு மணி நேரம் கரும்பலகையில் எழுதச் சொல்லிக் குடைந்தார். ஜெயப்பிரகாஷ் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நான் தைத்த புத்தகத்தை அந்த மனிதர் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படித்திருக்கிறார் என்பதைப் பார்த்தபோது, போன வருஷம் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சொன்ன யோசனையை நினைத்து எனக்கு வியர்த்துவிட்டது.

கடைசியாக அவர் கேட்டார். "எல்லாம் சரி. ஒன்றைவிடப் பெரியது என்று நேராக எழுத வேண்டியதை ஏன் இப்படித் தலையைச் சுற்றி எழுதியிருக்கிறீர்கள்? உலகத்தில் யாரும் இப்படி எழுதுவதில்லை."

ஜெயப்பிரகாஷ் நடந்ததை அப்படியே சொன்னார். மறைக்கவில்லை. சொல்லிவிட்டுக் கடைசி வரிசையைக் காட்டினார். முன்னால் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. டீச்சர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியா? சரி, நன்றியுரையில் உங்கள் பெயர் வருகிற வரியில் ஓர் இடம் காலியாக இருக்கிறதே. அங்கே எந்தக் குறியை நிரப்ப மறந்தீர்கள்?"

"மறக்கலீங்க சார்," என்றார் டீச்சர். குரல் இறங்கித்தான் இருந்தது; ஆனால் அந்த ஹாலில் எல்லாருக்கும் கேட்டது. "அங்க ஒரு பொய்யி இருந்துச்சு. எடுத்துட்டேன்."

ஹாலே சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, தன் பேனாவின் மூடியைக் கழற்றி ஜெயப்பிரகாஷிடம் நீட்டினார். "ஆய்வேட்டில் காலி இடம் இருக்கக் கூடாது. நிரப்புங்கள். பட்டத்துக்குப் பரிந்துரை செய்கிறேன். திருத்தம் இது ஒன்றுதான்."

ஜெயப்பிரகாஷ் நின்றபடியே எழுதினார். யோசிக்கவில்லை. பிறகு கடைசி வரிசைக்கு வந்து புத்தகத்தை டீச்சர் கையில் கொடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தேவையே இருக்கவில்லை. சுரண்டியெடுத்த அதே வார்த்தைதான். மெஷினில் இல்லாத குறிகளை எல்லாம் எழுதுவதுபோல, இந்தத் தடவை மையில், கையால்.

டீச்சர் புத்தகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"காலைல எழுதியிருக்கீங்க சார்," என்றார். "மை ஊறியிருக்குது பாருங்க. பதினோரு மணிக்கு மேல எழுதியிருக்கணும்."

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் திண்டிவனம் தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தார். நானும் சாலம்மாளும் பார்க்காத மாதிரி கடலை கொறித்துக்கொண்டு வந்தோம்.